கேள்வி கேட்டவர்களின் பட்டியல்

முதல் வகுப்பில் மைசூரிலிருந்து ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

பெங்களூர் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் டிவிக்குள்ளிருந்து கூப்பிட்டார். “மைசூரு சென்டர்? மைசூரு, இத்தீரா?” இருக்கிறீர்களா என்று கேட்கிறார். இருந்தோம். ஐம்பது நாற்காலி போட்ட கூடத்தில் இருபத்து மூன்று பேர். பெரும்பாலும் சின்னச் சின்னத் தொழிற்சாலைகளின் சூப்பர்வைசர்கள், மூன்று பேர் இன்ஜினியர்கள். எல்லாரும் அவரவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம்பர் போட்டு லைனைப் பிடித்துத் தர வேண்டியவள் நான். ரிசீவர் என் வியர்வையில் வழுக்கிற்று. “மைசூரு தூங்கிப்போச்சு போல” என்று பேராசிரியர் கன்னடத்தில் சொல்லிச் சிரித்துவிட்டு ஹுப்பள்ளிக்குத் தாவினார். ஹுப்பள்ளியில் ஒன்பது பேர் கேட்டார்கள். ஒன்பதையும் நான் எண்ணினேன்.

இப்போது வெபினார் என்று பெயர் வைத்து அவரவர் வீட்டிலிருந்தே நடத்துகிறார்கள். அப்போது, தொண்ணூறுகளின் நடுவில், அதற்கு ஒரு குடை ஆன்டெனா வேண்டும், ஒரு பெரிய டிவி வேண்டும், எஸ்டிடி வசதியுள்ள போன் வேண்டும், எங்களை மாதிரி ஒரு கூடம் வேண்டும். பேராசிரியர் பேசுவது செயற்கைக்கோள் வழியாக எல்லா ஊர்க் கூடங்களுக்கும் ஒரே நேரத்தில் வரும். நாங்கள் அவரைப் பார்க்கலாம், அவரால் எங்களைப் பார்க்க முடியாது. கேள்வியைப் போனில் கேட்டால் அந்தக் குரல் டிவியிலேயே எல்லா ஊருக்கும் கேட்கும். மாதம் ஒரு சனிக்கிழமை, மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்து. மொத்தம் ஆறு வகுப்பு. தலைப்பு ‘தரம்’. அந்த வருஷங்களில் தரச் சான்றிதழ் இல்லாத கம்பெனிக்கு ஆர்டர் கிடைக்காது என்று ஒரு பயம் எல்லா முதலாளிகளையும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

கூடம் தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில். சிறுதொழில் முதலாளிகள் சங்கத்துக்குச் சொந்தம். நான் அங்கே தினக்கூலி அட்டெண்டர். கூட்டுவது, காப்பி போடுவது, தபால் கொண்டுபோவது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய பிறகு ஏழு வருஷம் வீட்டில் ஊதுபத்தி உருட்டியவள். உள்ளங்கையில் கறுப்பு ஏறி, கரித்தூள் நெஞ்சுக்குள் போய், இருமினால் சளியும் சாம்பல் நிறத்தில் வரும். அதிலிருந்து தப்பித்துத்தான் சங்கத்துக்கு வந்திருந்தேன்.

முதல் வகுப்பு முடிந்ததும் சங்கச் செயலாளர் கூடத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். அவர் எப்போதும் கன்னடம்தான் பேசுவார், தமிழ் தெரியாது.

“ஏனம்மா, இவங்கல்லாம் பொணத்துக்குக் காவல் உட்கார வந்தாங்களா?”

நான் காப்பி டம்ளர்களை அடுக்கினேன்.

“இன்னும் அஞ்சு கிளாஸ் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் மைசூர்லேர்ந்து நாலு கேள்வியாவது போகணும். போச்சுன்னா உன்னை பர்மனென்ட் ஆக்கச் சொல்லி நானே ஆர்டர் அடிக்கறேன். போகலைன்னா இந்த டிவி, குடை எல்லாத்தையும் பெங்களூர்காரன் மண்டியாவுக்குத் தூக்கிடுவான். நீ மறுபடி ஊதுபத்திக்குப் போ.”

“கேள்வி கேக்கறது அவங்க கையிலதானே சார் இருக்கு.”

“அவங்களைக் கேக்க வைக்கறது உன் கையில இருக்கு. கையை நல்லாக் கழுவிக்கோ, ஊதுபத்தி வாசனை வருது.”

பக்கத்தில் நின்ற கிளார்க் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் மனதில் வைத்துக்கொள்வார்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். அந்த மாதம் முழுக்க என் தலைக்குள் ஒரே காட்சிதான்: டிவியில் பேராசிரியர், “மைசூரு, இத்தீரா?”, அப்புறம் அந்த மௌனம். ஆனால் பயந்தவள் மாதிரி வேலை செய்கிறவள் கிடையாது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

முதலில் நாற்காலிகளை முப்பதாகக் குறைத்தேன். காலி நாற்காலிகளைப் பார்த்தால் வந்தவனுக்கும் எழுந்து போகத் தோன்றும். காப்பியை ஆரம்பத்திலிருந்து கடைசிக்கு மாற்றினேன். நாலரை மணிக்கு டிகாக்‌ஷன் வாசனை வர ஆரம்பித்தால் ஐந்து வரை யாரும் நகர மாட்டார்கள். தபாலில் போன அழைப்பு அட்டைகளை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அதனால் வியாழக்கிழமையே ஒவ்வொரு கம்பெனிக்கும் போன் போட்டேன். “சார், போன தடவை நீங்க ஏன் பேசலைன்னு ஸ்டுடியோவுல உங்க பேரைச் சொல்லிக் கேட்டாங்க” என்பேன். பொய்தான். ஆனால் தன் பெயர் பெங்களூர் வரை தெரியும் என்று கேட்ட மனுஷன் வராமல் இருப்பானா?

அவர்கள் ஏன் பேசவில்லை என்பதும் போனில்தான் புரிந்தது. பேராசிரியர் இங்கிலீஷ் கலந்து பேசுவார். தப்பாகப் பேசி ஊர் முழுக்கக் கேட்டுவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை எனக்குத் தெரியும். நானும் மற்றவர் இங்கிலீஷில் பேசினால் தலையை மட்டும் ஆட்டுகிறவள்தானே. ஆகவே ஒவ்வொருவரிடமும், “இந்த வாரம் உங்க கம்பெனியில என்ன சார் கெட்டுப்போச்சு?” என்று கேட்பேன். அதைச் சொல்லத் தயங்கவே மாட்டார்கள். பெயின்ட் உரியுது, அளவு தப்புது, திரும்பி வந்த சரக்கு மலை மாதிரி கிடக்கு. அவர்கள் சொன்னதையே ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு வரிக் கேள்வியாகக் கன்னடத்தில் எழுதி, வகுப்பு ஆரம்பிக்கும் முன்பே சட்டைப் பையில் செருகிவிடுவேன். அவருக்கு அது தன் கேள்விதான். படித்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு யோசனை தோன்றிற்று. ஆறு வகுப்பும் வந்தவர்களுக்கெல்லாம் சான்றிதழ் என்று பெங்களூரில் சொல்லியிருந்தார்கள். கேள்வி கேட்டவர்களுக்கு மட்டும்தான் சான்றிதழ் என்று மாற்றினால்? செயலாளரிடம் சொன்னேன். அவர் பெங்களூருக்குப் போன் போட்டுத் தன் யோசனை மாதிரி சொன்னார். ஒத்துக்கொண்டார்கள். யார் யார் கேட்டார்கள் என்ற பட்டியலை மைசூரில் நாங்களே எழுதி, செயலாளர் கையெழுத்தோடு கடைசியில் அனுப்ப வேண்டும். பட்டியலை எழுதும் வேலை எனக்கு வந்தது.

இரண்டாவது வகுப்புக்குப் புதிதாக ஒருவர் வந்தார். ஒரு குரோம் முலாம் பட்டறையின் ஃபோர்மேன், ஐம்பது வயதிருக்கும். பின்னால் வரிசையாக எட்டுப் பேர், எல்லாரும் அவர் பட்டறை ஆட்கள், எல்லாரும் குளித்துத் தலைவாரி, கோவிலுக்கு வந்த மாதிரி. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும்போது நான் எனக்குள்ளே தமிழில் ஏதோ முனகியதைக் கேட்டிருப்பார் போல. குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“அம்மிணி தமிழா?”

“ஆமாண்ணா. அப்பா ரயில்வே ஒர்க் ஷாப்புல இருந்தாரு.”

“நமக்கு கோபிநத்தம் பக்கமுங்க. மலையடிவாரம்.” இன்னும் குரலைத் தாழ்த்தினார். தண்ணீர்க் கலவரத்துக்குப் பிந்திய அந்த வருஷங்களில் நாங்கள் வெளியில் தமிழை இப்படித்தான் பேசிக்கொள்வோம், திருட்டுப் பொருளைக் கைமாற்றுகிற மாதிரி. “கேள்வி கேக்கோணும்னு சொன்னாங்க. என்ற கிட்ட ஒண்ணு இருக்குது.”

அவர் மூச்சு விடும்போது மெல்லிய விசில் கேட்டது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

“குரோம் தொட்டிப் பொகைங்க. நடுச்செவுரு போயிருச்சு. ரெண்டு ரூமு இப்ப ஒரே ரூமு.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அதில் ஐந்து பேருக்கு அதே ஓட்டை என்று பிறகு தெரிந்தது. வரிசையில் நின்றபோது அவர்கள் எல்லாரிடமிருந்தும் சேர்ந்து வந்த அந்தச் சின்ன விசிலை நான் மின்விசிறிச் சத்தம் என்று நினைத்திருந்தேன்.

ஒன்பது பேர் ஒரேயடியாக வந்ததில் கூடம் நிரம்பிற்று. எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. முதல் கேள்வியை அவருக்கே கொடுத்தேன்.

ஒவ்வொருவருக்கும் முன்னால் நான் லைனில் ‘மைசூரு சென்டர்’ என்று சொல்லி, பேசுகிறவரை அறிமுகப்படுத்த வேண்டும். பெயர், கம்பெனி, பதவி எல்லாம் கன்னடத்தில் எழுதிக் கையில் வைத்திருந்தேன். பேராசிரியர் “ஹேளி மைசூரு”, சொல்லுங்கள் மைசூரு, என்றதும் காகிதத்தில் இருந்த ஒன்றும் கண்ணில் படவில்லை. நம்ம மனிதர் பேசப் போகிறார் என்ற ஒரு சந்தோஷம் மட்டும் இருந்தது. அதுதான் வாயில் வந்தது.

“சார், நம்ம ஆளு மாத்தாடுத்தாரெ.”

தமிழில் அது என்ன? நம்ம ஆளு. நம்மவர். அதில் ஒரு பாசம்கூட இருக்கிறது. கன்னடத்தில் ‘ஆளு’ என்றால் வேலைக்காரன். பண்ணையில் வேலை செய்கிறவன். பிறந்ததிலிருந்து இரண்டு பாஷையும் பேசுகிற எனக்கு அது தெரியாதா? தெரியும். பயத்தில் நாக்கு எந்த வீட்டுக்குள் போகிறது என்று பார்க்காமல் போய்விட்டது. எங்கள் வேலைக்காரன் பேசப்போகிறான் என்று மாநிலம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

டிவியில் பேராசிரியர் புருவத்தைத் தூக்கினார். “ஆளு மாத்தாடுத்தானா? யஜமானரு எல்லி?” வேலைக்காரன் பேசுகிறானா, எஜமான் எங்கே?

கூடத்தில் சிரிப்பு வெடித்தது. மற்ற ஊர்க் கூடங்களிலும் சிரித்திருப்பார்கள். ஃபோர்மேன் என்னைப் பார்த்தார், அவரும் சிரித்தார், ரிசீவரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பேச ஆரம்பித்தார். கன்னடம் அவருக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். பொருளின் தரத்தைப் பார்க்க ஒரு அளவு இருக்கிறது, முலாமின் கனத்துக்கு அளவு இருக்கிறது, தொட்டியின் சூட்டுக்கு அளவு இருக்கிறது, முலாம் போடுகிறவன் மூக்குக்கு ஏதாவது அளவு இருக்கிறதா என்று கேட்க வந்தார். ‘மூக்கு’ என்று வந்ததுமே பேராசிரியர் கையை உயர்த்தினார்.

“மைசூரு, உங்க லைன்ல ஏதோ விசில் சத்தம் வருது. ஒண்ணும் கேக்கலை. லைனைச் செக் பண்ணுங்க. அடுத்தது ராய்ச்சூர்.”

இந்தத் தடவை கூடத்தில் சிரிப்பு நிற்கவே இல்லை. ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விசில் அடித்துக் காட்டினார். “ஏய் ஆளு, செக் பண்ணு லைனை!” அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் அவருக்கு அதுதான் பெயர்.

சிரிக்காதவர் ஒருவர், அவருடைய முதலாளி. முன்வரிசையில் இருந்தார், சங்கத்தில் செல்வாக்கானவர். ஸ்டுடியோவுக்குக் கேட்காத கேள்வி அவருக்குக் கேட்டிருந்தது.

வகுப்பு முடிந்ததும் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். அன்று மைசூரிலிருந்து ஐந்து கேள்வி போயிருந்தது. நல்ல வார்த்தை ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

“அந்த ஆளு இனிமே போனைத் தொடக்கூடாது.”

“சரி சார்.”

“ஆனா ஒன்பது பேரும் வரணும். கூடம் ரொம்பியிருக்கணும்.”

“பேச விடலைன்னா அவர் வரமாட்டாரு சார். அவர் வரலைன்னா எட்டுப் பேரும் வரமாட்டாங்க.”

“அது உன் கவலை. நீதான் நாளெல்லாம் கவலைப்படறியே, இதையும் சேர்த்துப் படு.”

பட்டேன். ஒரு வாரம் பட்டேன். வழி ஸ்டோர் ரூமில் இருந்தது: பழைய கறுப்புப் போன், டயல் சுற்றுகிறது, கனமானது. அதைத் துடைத்தேன். கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் ஒரு ஸ்டூல்மேல் வைத்தேன். ஒயரை பீரோவுக்கு அடியில் விட்டேன். பீரோவுக்கு அந்தப் பக்கம் அது எதிலும் சேரவில்லை.

மூன்றாவது வகுப்பில் அவர் வந்ததும் சொன்னேன். “அண்ணா, உங்க குரலுக்குன்னு தனி லைன் போட்டிருக்கோம். விசில் சத்தத்தை இது வடிகட்டிடும். நான் தலையாட்டினதும் பேசுங்க.”

அவர் ஸ்டூல் முன்னால் பென்ச்சில் உட்கார்ந்து ரிசீவரைக் காதில் வைத்தார்.

“அம்மிணி, போன்ல ஒரு சத்தமும் வர்லியே. ஙொய்னு ஒண்ணு வருமே?”

“அதைத்தாண்ணா வடிகட்டறது.”

“ஓ.” மரியாதையாகப் போனைப் பார்த்தார். “பெங்களூர்ல என்னென்னமோ கண்டுபுடிச்சுப் போடறாங்க.”

கூடத்தில் அசல் போனில் இன்னொருவர், சட்டைப்பைக் காகிதத்தை விரித்துக் கேள்வி படித்துக்கொண்டிருந்தார். கதவில் நின்று நான் ஃபோர்மேனுக்குத் தலையாட்டினேன். அவர் பேசினார். மூக்குக்கு என்ன அளவு என்ற கேள்வியை, இந்தத் தடவை யாரிடமோ எழுதி வாங்கி, தப்பில்லாத கன்னடத்தில் கேட்டார். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார், விசில் வரக்கூடாதென்று. முடிந்ததும் முகம் சிவந்து வெளியே வந்து டிவி முன்னால் நின்றார். பேராசிரியர் பெயின்ட் உரிவதைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நம்மளுது வர்லியே?”

“டைம் பத்தலை போலண்ணா. எல்லாருக்கும் பதில் சொல்ல முடியாதில்ல?”

“ஆமா ஆமா. எத்தனை ஊரு.”

இப்படி நாலு தடவை. நாலாவது வகுப்பு தசராவில் வந்து மாட்டிக்கொண்டது. ஊரே ஊர்வலத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்க, என் வியாழக்கிழமைப் போன்கள் எதுவும் பலிக்கவில்லை. வந்தது அவரும் அந்த எட்டுப் பேரும் மட்டும். நாலு கேள்வி போயாக வேண்டும். நான் எழுதி வைத்திருந்த காகிதங்களை அவர் ஆட்களில் நாலு பேருக்குக் கொடுத்து, ஒவ்வொருவராக அசல் போனில் படிக்க வைத்தேன். விசில் வராத மூன்று பேரையும், கொஞ்சமாக வருகிற ஒருவரையும் பார்த்துப் பொறுக்கினேன். தாங்கள் பார்த்தே இராத மெஷின்களைப் பற்றி அவர்கள் கேட்டார்கள். பேராசிரியர், “மைசூரு இன்னைக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்றார். அந்த நேரத்தில் பக்கத்து அறையில் அவர்களுடைய ஃபோர்மேன் பீரோவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

கதவில் நின்று நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இதைச் சொல்ல வேண்டும். மூக்குக்கு அளவு உண்டா என்று கேட்டவர், அடுத்த தடவை, தொட்டிமேல் புகையை இழுக்கிற ஃபேன் ஒன்று வைத்தால் போதுமா என்று கேட்டார். அதற்கடுத்த தடவை, முகத்தில் கட்டிக்கொள்ளத் துணி எத்தனை மடிப்பு இருக்க வேண்டும் என்று. கடைசி வகுப்பில், மூக்குக்குள் வாஸலின் தடவிக்கொண்டால் ஓட்டை பெரிதாகாமல் நிற்குமா என்று மட்டும் கேட்டார். கேள்வி மாதா மாதம் சின்னதாகிக்கொண்டே வந்தது. எவரோ எங்கிருந்தோ ‘இவ்வளவெல்லாம் கேட்காதே’ என்று அவரிடம் பேரம் பேசின மாதிரி. வாஸலின் கேள்வியில் முதலாளியைக் குத்துகிற மாதிரி ஒன்றுமே இல்லை. அதை ஒரு காகிதத்தில் எழுதி வேறு யார் பையிலாவது செருகியிருக்கலாம். காகிதம் என் இடுப்பில்தான் இருந்தது. அன்று மைசூருக்கு ஆறு கேள்வி ஏற்கெனவே ஆகிவிட்டிருந்தது, ஏழாவது எனக்குத் தேவைப்படவில்லை.

கூடத்தில் அவரை வைத்து நடந்த விளையாட்டுகளையும் நான் நிறுத்தவில்லை. அவர் அறைக்குள் போனால் யாராவது, “ஆளு உள்ள போயாச்சு, பிரதமருக்கு லைன் கொடுங்க” என்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். நான் சிரித்தால் அவர்கள் அடுத்த மாதமும் வருவார்கள். சிரிக்கிற கூட்டம்தான் கேள்வி கேட்கும். நல்ல கூட்டத்துக்கு ஒரு கோமாளி வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானாகவே கண்டுபிடித்தேன்.

ஆறு வகுப்பும் முடிந்தது. எல்லா ஊர்களையும்விட மைசூரில்தான் ஆர்வம் அதிகம் என்று டிவியிலேயே சொன்னார்கள். செயலாளர் எழுந்து நின்று கைகூப்பினார், அவரை யாரும் பார்க்க முடியாது என்பதை மறந்து.

பட்டியல் எழுதினேன். கேள்வி கேட்ட எல்லாருடைய பெயரும், தசராவில் மெஷின் கேள்வி படித்த நாலு பேர் உள்பட. ஃபோர்மேன் பெயரை எழுதவில்லை. இரண்டாவது வகுப்பில் அவர் பேசியதைப் பதிவேட்டில் ‘லைன் கோளாறு, கேள்வி இல்லை’ என்று அன்றே எழுதியிருந்தேன். மற்ற நாலும் எங்கேயும் போகவில்லையே.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் மாதேஸ்வரன் மலை விபூதி. செயலாளர் தன் மேஜையில் இருந்தார். பெங்களூருக்குப் போக வேண்டிய பட்டியலும் என் பர்மனென்ட் ஆர்டரும் அவர் முன்னால், இரண்டும் கையெழுத்துக்காக. நான் பக்கத்தில் நின்று காகிதங்களை ஒழுங்குபடுத்துவதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் படியில் அந்த விசில்.

“அம்மிணி, என்ற சர்ட்டிஃபிகேட்டு எப்ப வரும்?”

“எதுக்குண்ணா அவசரம்?”

“ஹெப்பால்ல ஒரு கம்பெனியில ஸ்டோர் கீப்பரு வேலை காலியா இருக்குதுங்க. தொட்டிகிட்டயே போவ வேண்டாம். தரக் கிளாசு படிச்ச சர்ட்டிஃபிகேட்டு இருந்தா எடுத்துக்கறேன்னாங்க. ஆஸ்பத்திரியில டாக்டரு, இதுக்கு மேல தொட்டிகிட்ட நின்னா தொண்டைக்கு எறங்கிரும்னுட்டாரு.”

செயலாளர் பேனா மூடியைத் திறந்தவர் அப்படியே நிறுத்தினார். தமிழில் பேசினால் அவருக்குப் பிடிக்காது.

இதற்கு என்ன செய்ய வேண்டியிருந்தது என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பட்டியலின் அடியில் ஒரு வரி இடம் இருந்தது. பெயரை எழுதியிருந்தால் செயலாளர் கேட்பார், இவன் எப்போது போனில் பேசினான்? பேசினான் என்றால் நான் அவர் சொல்லை மீறினேன். பேசவில்லை என்றால் பட்டியல் பொய். எதைச் சொன்னாலும் பேனா மூடி திரும்ப மூடிக்கொள்ளும்.

“அண்ணா, கேள்வி கேட்டவங்களுக்கு மட்டும்தான் சர்ட்டிஃபிகேட்டு.”

“நாலு தடவை கேட்டனே. நீதானே தலையாட்டுன.”

“கேட்டீங்க. ஆனா அந்தப் பக்கம் பதிவாகலையாம். விசில் சத்தத்துல ஒண்ணும் புரியலைன்னு சொல்லிட்டாங்க.”

அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் மூக்கை விரலால் பொத்திக்கொண்டார், அப்போதும் அது சத்தம் போட்டுக் காட்டிக் கொடுத்துவிடும் என்பதுபோல்.

“அத்தனை பெரிய போனு போட்டும் வடிகட்டலியா?”

“இல்லண்ணா.”

“என்ற பசங்க நாலு பேரு பேரு இருக்குதா?”

“இருக்கு.”

“அவனுகளுக்கு வந்தாப் போதும். அவனுக கேட்டது நல்லாக் கேட்டுச்சு, நானே டிவியில கேட்டன்.” மூக்கிலிருந்து விரலை எடுத்தார். “என்ற மூக்கால உனக்கும் வீண் சிரமம், அம்மிணி. தனி லைனெல்லாம் போட்டு.”

“பரவால்லண்ணா.”

“அடுத்த வருசமும் நடக்குமா? அதுக்குள்ள இதை ஏதாவது அடைச்சுக்கிட்டு வந்தர்றேன்.”

அடுத்த வருஷம் அந்தப் பட்டறையிலிருந்து ஒருவரையும் அனுப்பப் போவதில்லை என்று முதலாளி போன வாரமே சொல்லியிருந்தார். எனக்குத் தெரியும்.

“நடக்கும்ணா. முதல் கேள்வி உங்களுதுதான்.”

செயலாளர் பேனாவால் மேஜையைத் தட்டினார். “ஏனந்தானெ அவனு?” என்ன சொல்கிறான் அவன்?

“ஒண்ணுமில்ல சார். போறாரு.”

அவர் எனக்கும் செயலாளருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினார். மரப்படிகளில் காலடிச் சத்தம் கேட்டது, கூடவே அந்த மூச்சும். இரண்டும் மார்க்கெட் இரைச்சலில் கலந்து போகும்வரை காத்திருந்தேன். பிறகு பட்டியலைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, என் ஆர்டரைச் செயலாளரின் கைக்குக் கீழே நகர்த்தினேன்.